ஹார்சம் சபையின் சீடராக்கல் குழு

உலகத் திருச்சபை வரலாற்றில் மகத்தான நிகழ்வுகள் மூன்று. முதலாவது, பெந்தெகொஸ்தே நாளில் அப்போஸ்தலர்கள்மேல் அக்கினி இறங்கியது. இரண்டாவது, பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தம். மூன்றாவது, எங்கள் ஹார்சம் கிராமத்துச் சபையில் 'சீடராக்கல் செயற்குழு' அமைக்கப்பட்டது. முதல் இரண்டிலும் சில குறைகள் உண்டு. முக்கியமாக, காபி இடைவேளைக்கு யாரும் சரியான ஏற்பாடு செய்திருக்கவில்லை. எங்களுடையதில் செய்திருந்தோம். குழுவின் செயலாளன் நான்தான் என்பதால் இதை அடித்துச் சொல்ல முடியும்.

குழு பிறந்ததற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் "அன்பான சபையாரே" என்று பன்மையில் தொடங்குவதே சில வாரங்களில் மிகையாகத் தோன்றியது. நெதர்லாந்தில், ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் வடகோடியில், கடலணையை ஒட்டி, அறுநூறு வருஷமாகக் காற்றைத் தாங்கி நிற்கும் கோயில் எங்களுடையது. இப்படியே போனால் அடுத்த வசந்தத்தில் அதை விற்றுவிடுவோம் என்று வட்டாரச் சபை சொல்லிவிட்டது. வாங்குபவரும் தயார். உள்ளே செயற்கைப் பாறை கட்டி, மலையேற்றப் பயிற்சிக்கூடம் ஆக்கப்போகிறாராம். பரலோகத்தை நோக்கி ஏற அதைவிட நேரடியான வழி கிடையாது என்று ஊரில் கிண்டல் செய்தார்கள்.

நாங்கள் கலங்கவில்லை. சபைக்குக் கூட்டம் வரவில்லையா? கூட்டம் போட்டோம்.

தலைவி பௌக்யா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கர்த்தரே தாமதமாக வந்தாலும் காரணம் கேட்பார். இன்னொரு உறுப்பினர் ரின்ஸே, பால்பண்ணைக்காரர், பரம்பரை மூப்பர். மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். அதனால் எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின.

முதல் வேலையாக, உட்ரெக்ட் நகரத்திலிருந்து 'சபைப் புத்துயிர்ப்பு ஆலோசகர்' மார்னிக்ஸை வரவழைத்தோம். வெள்ளைவெளேரென்ற ஷூ போட்டுக்கொண்டு எங்கள் சாணிச் சாலையில் இறங்கினார். அந்த விசுவாசத்தை இஸ்ரவேலிலும் நாங்கள் கண்டதில்லை.

"முதல்ல 'சபை'ங்கிற வார்த்தையை விடுங்க. அது ஜனங்களைப் பயமுறுத்துது. 'சந்திப்பு வெளி'ன்னு சொல்லுங்க" என்றார்.

"சரி" என்று பௌக்யா எழுதிக்கொண்டார். "ஆராதனை?"

"'நிகழ்வு.'"

"பாவம்?"

"'வளர்ச்சிக்கான வாய்ப்பு.'"

"அப்போ கடவுளை என்னன்னு சொல்றது?"

மார்னிக்ஸ் சற்று யோசித்தார். "அதை ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாம்."

அவருடைய தொலைநோக்கை எண்ணி நாங்கள் வியந்தோம். பிறகு சுவர் முழுக்க வண்ணத் தாள்களை ஒட்டினோம். பச்சைத் தாள் நம்பிக்கை, மஞ்சள் தாள் சவால். பச்சை மிச்சமாகிவிட்டது.

அந்த ஈஸ்டர் முதல், ஒவ்வொரு ஆராதனையும் முடிந்த கையோடு குழு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு ஞாயிறு, சூடான விவாதத்தின் நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரது?" என்று பௌக்யா உட்கார்ந்தபடியே கேட்டார்.

"மன்னிச்சிக்கங்க. பைபிளைப் படிக்கணும்னா எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்கலாம்னு வந்தேன்" என்றது ஒரு பெண்குரல்.

"இப்ப முடியாதும்மா. முக்கியமான கூட்டம் நடக்குது. புதுசா வர்றவங்களை எப்படி வரவேற்கிறதுன்னு பேசிட்டிருக்கோம்."

"ஓ, சரிங்க" என்றது குரல். காலடி ஓசை தேய்ந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

அடுத்த கட்டம் வீடு வீடாகப் போவது. அதற்கு ஒத்திகை வேண்டும் என்றார் மார்னிக்ஸ். பௌக்யா நற்செய்தியாளர், ரின்ஸே அவிசுவாசி என்று முடிவாயிற்று. ரின்ஸே தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, கடவுளோட பேசிப் பார்த்திருக்கீங்களா?" என்று பௌக்யா சாவி கொடுத்ததுபோல் ஆரம்பித்தார்.

"பேசிட்டிருந்தேன். இப்ப இல்ல."

"ஏங்க?"

"என் பொண்டாட்டி போனதுல இருந்து பேசல. ராத்திரி உக்காருவேன். கையைக் கோப்பேன். ஒண்ணும் வராது. காலையில எழுந்து பால் கறக்கப் போயிடுவேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாடறப்போ வாயை மட்டும் அசைப்பேன்."

ரின்ஸே அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் குரல் உடைந்தது. பௌக்யா கையிலிருந்த தாளைப் புரட்டினார். அதற்கான பதில் அதில் இல்லை.

மார்னிக்ஸ் துள்ளி எழுந்தார். "பிரமாதம்! இதான் நடிப்பு! அப்படியே நம்பிட்டேன்!"

எல்லோரும் கைதட்டினோம். ரின்ஸே ஒரு நிமிஷம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவரும் சைக்கிளில் புறப்பட்டோம். எதிர்க்காற்று. பாதி வீடுகளில் கதவு திறக்கவில்லை. மீதியில் திறந்து, எங்களை விற்பனை ஆட்கள் என்று நினைத்து, மின்சார நிறுவனத்தை மாற்றும் உத்தேசம் இல்லை என்று சொல்லி மூடினார்கள். கடைசியாக, கடலணையடியில் இருந்த வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். மார்லைன் என்று பெயர்ப் பலகையில் எழுதியிருந்தது.

நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "வணக்கம்ங்க. உங்க வாழ்க்கைப் பயணத்துல ஒரு சந்திப்பு வெளி தேவைப்படுதுன்னு நினைச்சிருக்கீங்களா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் திரும்புங்க."

"என்னங்க?"

"திரும்பி நில்லுங்க."

திரும்பினேன்.

"ஆமா, நீங்கதான்! கழுத்துல மச்சம். ஈஸ்டர்ல இருந்து உங்க பின்பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். பிரசங்கம் ஆரம்பிச்சதும் பெப்பர்மின்ட் தாளைப் பிரிப்பீங்க. முகத்தை இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

மார்னிக்ஸின் பயிற்சியில் இந்தக் கட்டம் வரவே இல்லை. ரின்ஸேதான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்குக் கதவைத் தட்டினது நீங்களாம்மா? எங்கேயிருந்து படிக்கிறதுன்னு..."

"நான்தான்."

"யாராவது சொன்னாங்களா?"

"இல்ல. நானே மாற்குல ஆரம்பிச்சேன். அது சின்னதா இருந்துச்சு."

"புரியுதா?"

"பாதி புரியல."

"எனக்கும்தான்" என்றார் ரின்ஸே. "நான் மூப்பர் வேற."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். ரோட்டர்டாமிலிருந்து வந்தவராம். லேவார்டன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "உள்ள வாங்க. பட்டாணி சூப் இருக்கு. கறுப்பு ரொட்டியும் இருக்கு. குளிர்ல நிக்காதீங்க."

ரின்ஸே மரக்காலணியை வாசலில் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். நான் நடையிலேயே நின்றேன். ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரம்தான் என்று திட்டத்தில் இருந்ததே! உள்ளேயிருந்து ரின்ஸேயின் குரல் கேட்டது.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா? என் பொண்டாட்டி போனதுல இருந்து நான் ஜெபமே பண்றதில்ல."

அந்தப் பெண் கைதட்டவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போடும் சத்தம் கேட்டது. "அவங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

நான் தனியாக வீடு திரும்பினேன். பின்காற்றுதான், ஆனாலும் மெதுவாகத்தான் மிதித்தேன். வீட்டில் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டுக்கு நேராக 'ஆர்வம் இல்லை' என்று குறித்தேன். யாருக்கு என்று கேட்கும் கட்டம் அட்டவணையில் இல்லை.

ரின்ஸே அதற்குப்பின் வியாழன்தோறும் அந்த அடுப்படிக்குப் போகலானார். அவருடைய பண்ணைக்குப் பால்வண்டி ஓட்டி வருபவனையும் கூட்டிப்போனார். சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடாரத் திடல் நடத்தும் யிட்ஸ்கேயும் அவள் புருஷனும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவருக்கும் பயிற்சி கிடையாது. வண்ணத் தாள் கிடையாது. செய்தி குழுவின் காதுக்கு எட்டியதும், 'கட்டுப்பாடற்ற சீடராக்கல்' என்ற தலைப்பில் அவசரக் கூட்டம் கூட்டி ரின்ஸேயை விசாரித்தோம்.

"அங்க என்ன முறையைப் பின்பத்துறீங்க?" என்றார் பௌக்யா.

"சூப் குடிக்கிறோம். ஒரு அதிகாரம் படிக்கிறோம். யாருக்கு என்ன கஷ்டம்னு கேக்கிறோம். அப்புறம் ஜெபம்."

"யார் ஜெபிக்கிறது?"

ரின்ஸே மேசையைப் பார்த்தார். "போன வாரம் நான்."

நான் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டேன். பௌக்யா அடுத்த கேள்விக்குப் போனார்.

"இலக்கு என்ன?"

"இலக்கா? யிட்ஸ்கேயோட அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்னாங்க. போனோம்."

"இலக்கே இல்லையா?" என்று பௌக்யா பதறினார்.

"இல்லைங்க. குழுவுல இருந்து என்னை விட்டுடுங்க. வியாழக்கிழமை வேலை இருக்கு."

இப்படியாக, சீடராக்கும் பணியில் நாங்கள் ஓர் உறுப்பினரை இழந்தோம். திருச்சபை எப்போதுமே தியாகங்களின்மேல்தான் கட்டப்படுகிறது.

குளிர்காலம் முடிவதற்குள் அந்த அடுப்படிக் கும்பல் ஞாயிறு ஆராதனைக்கும் வரத் தொடங்கியது. எங்கள் பின்னால் பெஞ்சு பெஞ்சாக நிரம்பியது. தப்பான இடத்தில் எழுந்து நின்றார்கள். ராகம் தெரியாமல் உரக்கப் பாடினார்கள். ரின்ஸேயும் பாடினார், சகிக்கவில்லை. ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நின்று பேசினார்கள். பின்னறையில் எங்கள் விவாதமே காதில் விழவில்லை. கதவுக்குக் கனமான திரை போடுவதென்று தீர்மானித்தோம்.

வசந்தத்தில், கோயிலை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வட்டாரச் சபையிலிருந்து போதகர் ஹென்ரியட்டா அம்மையார் வந்தார். உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உட்கார இடமில்லாமல், பால்வண்டிக்காரன் எழுந்து இடம்விட வேண்டியிருந்தது. ஆராதனை முடிந்ததும் அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தக் கோயில் விக்கிறதுக்கில்ல" என்றார். "இதுக்குப் பின்னால யாரு இருக்கிறது?"

சுற்றும்முற்றும் பார்த்தோம். ரின்ஸே வெளியே யாருடைய சைக்கிளுக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தார். மார்லைன் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நாங்கள் முன்னால் வந்தோம்.

அம்மையார் பௌக்யாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "எவ்வளவு சபைகளுக்குப் போறேன், மனசு உடைஞ்சு திரும்புறேன். உங்களை மாதிரி உண்மையான சீடர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தாப் போதும்!"

பொய்ப் புகழ்ச்சியை ஏற்கும் வழக்கம் எங்கள் தலைவிக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அடக்கத்தோடு தலைகுனிந்து திருத்தினார்.

"ஐயையோ, நாங்க சீடர்கள் இல்லைங்க. நாங்க குழு."

ஒருமனதாக ஆமோதித்தோம்.