மறுபடியும் வந்த ஆய்வாளர்

"அந்த ஆபீசர் மறுபடியும் வந்துட்டிருக்காருங்க! தெருமுனையில வண்டிய நிறுத்தியாச்சு!"

மனைவி போட்ட சத்தத்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பாதி முகத்தில் சவர நுரையோடு திரும்பினார். இரண்டு வாரத்தில் இது மூன்றாவது தடவை.

வீட்டில் சூடு வீணாகாமல் இருக்க அரசாங்கம் உதவிசெய்து போட்டுக்கொடுத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்கத்தான் இந்த ஆய்வாளர் வருகிறார். குளிர்காலம் வந்தால் இருமி இருமியே துவண்டுபோகிற மனைவி, இந்த வருஷம் ஒரு நாள்கூட இருமவில்லை. காலையில் அவள் மூச்சு சீராக வருவதைக் கேட்டபடி அவர் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாது. சொன்னால் கலைந்துவிடுமோ என்றும் பயம்.

உதவித் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஹீட்டர் செலவு குறையாவிட்டால் உதவி திரும்பப் பெறப்படும்.

முதல் தடவை ஆய்வாளர் ஜன்னலைத் தட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை வந்தபோது, சிக்கனத்தைக் காட்டக் கடைக்காரர் ஹீட்டரையே அணைத்துவைத்திருந்தார். "என்னங்க, இன்னிக்கு இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார் ஆய்வாளர்.

"ஜன்னல் வேலை செய்யலன்னு எழுதிட்டாருடி," என்று மனைவியிடம் புலம்பிய கடைக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அதனால் இன்று ஓடிப்போய் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டார்.

ஆய்வாளர் உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினார். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மனசுக்குள்ளேயே கணக்குப் போடறாரு," என்று கிசுகிசுத்தாள் மனைவி.

கடைக்காரர் சமையலறைக்குள் பதுங்கி, அடுத்த தெருவில் இருக்கும் மைத்துனருக்குப் போன் அடித்தார். "மாப்ள, வீடு அனலா கொதிக்குது. என்ன சொல்லிச் சமாளிக்கிறது?"

"மனுஷன் ஒவ்வொருத்தனும் ஒரு ஹீட்டர், மாமா. ஆளுங்க சூடுன்னு சொல்லிக்கலாம். இதோ வர்றோம்."

பத்தே நிமிஷத்தில் மைத்துனர், அவர் மனைவி, நான்கு பிள்ளைகள், ஒரு நாய். சோபாவில் பாதி போயிற்று. ஒரு பிள்ளை ஆய்வாளர் மடியில் ஏறியது.

"ஹீட்டராலயா இவ்வளவு சூடு, மாமா?" என்று சத்தமாகக் கேட்டார் மைத்துனர். "எல்லாம் எங்க ஒடம்புச் சூடுதான் சார்!"

ஆய்வாளர் முகம் வாடிவிட்டது. "இவங்கல்லாம் இனிமே இங்கேயேதான் இருப்பாங்களா?"

தொலைந்தது என்று கடைக்காரருக்குப் பட்டது. நுரை காய்ந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, பொய் சொல்லத் தெரியல. ஹீட்டரை நான்தான் திருகினேன். போன தடவை அணைச்சதும் நான்தான். என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க, ஜன்னலை மட்டும் எடுத்துறாதீங்க. இருபது வருஷத்துல இப்பதான் இவ நல்லா மூச்சு விடறா."

நாய்கூட வாலை ஆட்டுவதை நிறுத்தியது. ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு பொத்தானாகக் கோட்டைப் போட்டார்.

"உங்க ஜன்னலை யாரும் தொட மாட்டாங்கம்மா," என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். குற்றம் செய்தவர்போல விறுவிறுவென்று வெளியேறினார்.

அவர் மறந்துபோன ஸ்வெட்டரை எடுக்க வண்டி ஓட்டுநர் திரும்பி வந்தார்.

"ஏம்ப்பா, எங்க பேர்ல என்னதான் எழுதறாரு?" என்று கெஞ்சினார் கடைக்காரர்.

ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஃபைலை முதல் நாளே மூடியாச்சுங்க. இந்த ஜன்னல் உதவி வீடுகளுக்கு மட்டும்தான், ஆபீசுக்குக் கிடையாதாம்... ஜன்னலே சாத்த முடியாத எங்க ஆபீஸ் ரூம்ல பாவம் அந்த மனுஷன் எவ்வளவு நேரம்தான் நடுங்கிட்டு உக்காருவாரு?"