இருபத்தேழுக்கு இருபத்தொன்று

அருப்புக்கோட்டை,
புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனர் ஆனந்தகுமாருக்கு அத்தான் காசிராஜன் எழுதிக்கொள்வது. இங்கே மழையைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். கோயம்புத்தூரில் நீங்கள் மழையோடு சேர்ந்தே சுகமாயிருப்பீர்கள்.

மாப்பிள்ளை, உங்கள் அக்கா கோகிலாம்பாள் நாற்பத்தெட்டு வயதில் அஞ்சல் வழியில் உளவியல் படிப்பது உங்களுக்குத் தெரியும். படி என்று சேர்த்துவிட்டதே நான்தான். முதலில் தொந்தரவில்லை. சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்தால் "அடடே, நல்ல பழக்கம்!" என்று ஒரு கிண்ணம் காராச்சேவு வரும். பாராட்டினால் மனுசன் அதையே திரும்பச் செய்வானாம், பாடத்தில் இருக்கிறதாம். சேவுக்கு ஆசைப்பட்டு நானும் ஒரு மாதம் கழுவினேன். பிறகு சேவு நின்றுவிட்டது, கழுவுவது நிற்கவில்லை.

போன வாரம்தான் வினை வந்தது. செய்முறைப் பாடத்துக்கு யாரிடமாவது ஒன்பது கேள்வி கேட்டு மார்க்கு போட வேண்டுமாம். நான் கல்லாவில் இருக்கும்போது வந்து கேட்டாள். "எதுலயாவது ஆர்வம் இருக்கா?" "என்னத்த ஆர்வம், ஏதோ ஓடுது." "அலுப்பா இருக்கா?" "அலுப்பில்லாத நாளு ஏது?" "இனிமே நல்லாருக்கும்னு தோணுதா?" "எங்குட்டு!" நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை, இரும்புக்கடை வச்சிருக்கிற எவன் கல்லாவில உக்காந்துக்கிட்டு நல்லாருக்கேன்னு சொல்லுவான்? பொங்கலுக்கு முந்தின நாள் கடையில் நிற்க இடமில்லாவிட்டாலும் டல்லுன்னுதானே சொல்லணும், கண்ணு பட்டுராதா? கூட்டிப் பார்த்தாள். இருபத்தேழுக்கு இருபத்தொன்று. நல்ல மார்க்கு என்று நான் சிரித்தேன், அவள் முகம் செத்துப் போச்சு. பத்தைத் தாண்டினாலே டாக்டரிடம் காட்டணுமாம், இருபத்தொன்று என்றால் கடுமையான மனச்சோர்வாம்.

அன்றிலிருந்து நான் சத்தம் போட்டால் 'எரிச்சல்' என்று நோட்டில் எழுதுகிறாள், சும்மா இருந்தால் 'பேச்சுக் குறைவு' என்று எழுதுகிறாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வேறு சொல்லி வைத்திருக்கிறாள். பரளச்சி ஊர்க்காரர் கோட்டைச்சாமி, ஒரு மண்வெட்டிக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற ஆள், என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணாச்சி, எதையும் மனசுல போட்டு வச்சுக்கிடாதீக" என்றார். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். இருபது வருசத்தில் முதல் தடவை. எனக்கு அப்பத்தான் நெசமாவே பயம் வந்துச்சு.

இதோடு போகவில்லை. வெள்ளிக்கிழமை மதுரையில் மனநல டாக்டரிடம் என்னைக் காட்ட வேண்டுமாம். அடுத்த வாரம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. "அவுக தேறுற வரைக்கும் நான் பரீட்சைக்குப் போகமாட்டேன்" என்று புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டாள். மூணு வருசப் படிப்பு மாப்பிள்ளை! என் வாயால கெட்டுப் போகுதேன்னு வயிறு எரியுது. நீங்கள் அவளுக்கு ஒரு போன் போட்டு, அத்தானுக்கு ஒரு கேடும் இல்லை, அது வியாபாரிப் பேச்சு என்று சொல்லிப் பரீட்சைக்கு அனுப்பி வையுங்கள். நீங்க சொன்னா கேப்பா.

தங்கை சுபத்ராவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உளவியல் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நல்ல மனநிலையில் உள்ள
காசிராஜன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், அந்த ஒன்பது கேள்வித் தாளை நானே எடுத்து, டல்லு கில்லு எல்லாம் விட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்த்தேன். வியாபாரப் பேச்சைக் கழித்த பிறகும் பதினாறு நிற்கிறது மாப்பிள்ளை. மகள் தீபலட்சுமி கல்யாணமாகிப் போன இந்த எட்டு மாசமா நான் சரியாத் தூங்கலன்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. தாளை உங்கள் அக்காவிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை நான் வாரேன், நீ புத்தகத்தை இறக்கு என்றேன். அழுதாள், இறக்கிவிட்டாள். இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் போன் போட வேண்டாம். எனக்குப் போடுங்கள்.