மாலைச் செய்திக்கு ஏற்றிய கற்பூரம்

தமிழ் வளர்த்த சங்கங்கள் மூன்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். இது கணக்குப் பிழை. நான்காவது சங்கம் மொரீஷியஸ் தீவின் வானொலி நிலையத்தில், பிரிட்டிஷ் சர்க்கார் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த அறுபதுகளில், மாலைதோறும் கால் மணி நேரம் கூடியது. அதன் தலைமைப் புலவரும் மற்றப் புலவர்களும் ஒருவரே. அவர் தமிழ்ச் செய்தியாளர் ரொலான் ஆர்மூகோம்.

ஆர்மூகோம் என்பது ஆறுமுகம்தான். கொள்ளுத்தாத்தா கப்பலிலிருந்து இறங்கிய அன்று, பெயரைப் பதிந்த பிரெஞ்சுக் குமாஸ்தாவுக்குக் கடும் சளி.

ரொலானுக்கு வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல், அலுவலகத்தில் பிரெஞ்சு, மேலிடத்தில் ஆங்கிலம். தமிழ் என்றால் கோவில் பஜனை. நேர்முகத் தேர்வில் முருகன் பாட்டு ஒன்றை மூச்சு விடாமல் ஒப்பித்தார். "உச்சரிப்பில் குறையே இல்லை" என்று ஆங்கிலேயத் தேர்வாளர் தீர்ப்பளித்தார். தேர்வாளருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது என்பதால் பாரபட்சம் காட்ட வழியே இல்லை.

வேலையில் சேர்ந்த ரொலானுக்குச் சின்னச் சங்கடம். பாட்டில் இருந்த சொற்கள்தான் கையில் இருந்தன. செய்தியோ வரி, கூலி, ரேஷன் என்று வந்து விழுந்தது. மனிதர் அசரவில்லை. "மேதகு கவர்னர் துறைமுகத்தில் எழுந்தருளினார். புதிய வரி அருளப்பட்டது. சட்டசபை திருநடை சாத்தியது" என்று கணீரென்று வாசித்தார். தீவெங்கும் தமிழர்கள் கால் அலம்பி, ரேடியோவுக்குச் சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டிக் கேட்டார்கள். யாருக்கும் ஒரு வாக்கியமும் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு செய்தி முடிவிலும் "அரோகரா" என்றார்கள். உலகில் எந்தச் செய்தி நிறுவனத்துக்குக் கிடைத்தது இந்த மரியாதை?

செய்தி சேகரிப்பிலும் அவர் பின்தங்கவில்லை. தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்கப் போவதாகச் சொன்ன வாரம், ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேன் பியேர் கரும்புக் காட்டுக்குப் போனார். தமிழ்ச் செய்தி என்பதால் தமிழில்தான் கேட்கவேண்டும், விதி அது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ரோஸ்-மேயின் முன் மைக்கை நீட்டி, "கூலியில் ஒரு பங்கை முதலாளிமார் ஆட்கொள்வது குறித்துத் தங்கள் திருவாக்கு?" என்றார்.

ரோஸ்-மே கத்தியைக் கீழே போட்டு, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். "அரோகரா."

நிலையத்தின் இயக்குநர் முஸ்யே கீ ஒலிப்பதிவைக் கேட்டார். "என்ன சொல்கிறாள்?"

"துதி சொல்கிறாள், முஸ்யே."

"ஆக, வரவேற்கிறாள்." அப்படியே மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. தீவிலேயே அடக்கமான சமூகம் தமிழ்ச் சமூகம் என்று மேலிடம் மகிழ்ந்தது. கூலி குறைந்தது. ரொலானின் மனசாட்சி இரண்டு நாள் முணுமுணுத்தது. சம்பள உயர்வு வந்ததும் அது அடங்கிவிட்டது.

நிலையத்துக்கு ஓர் இரும்பு விதி உண்டு. ஒவ்வொரு மொழியும் தனக்குரிய நேரத்தில் மட்டும் ஒலிக்கலாம். கிரியோலுக்கு எந்த நேரமும் கிடையாது, ஏனெனில் அது மொழியே அல்ல. இந்தக் கொள்கையை முஸ்யே கீ ஊழியர்களுக்குக் கிரியோலில்தான் விளக்குவார். வேறு மொழியில் சொன்னால் சிலருக்குப் புரியாமல் போய்விடலாம் அல்லவா?

இப்படித் தமிழ் செழித்துக்கொண்டிருந்த ஒரு பிப்ரவரி மாலை, பிரெஞ்சுச் செய்தி முடிந்த கையோடு வானிலை இலாகாவிலிருந்து தகவல் வந்தது. விலகிப் போகும் என்று எண்ணியிருந்த புயல் திரும்பிவிட்டது. மாயெபூர் கரையை நோக்கி வருகிறது. ரொலான் தகவல் தாளோடு இயக்குநரிடம் ஓடினார். தலைப்பிரசவத்துக்குப் போன மனைவி நதின், பிறந்த குழந்தையோடு மாயெபூரில், கடலோரத் தகரக் கூரை வீட்டில், அப்பா ரேமோனுடன் இருந்தாள்.

"முஸ்யே, பிரெஞ்சில் இப்போதே இதை அறிவித்துவிடலாமா?"

"இது தமிழின் நேரம், ரொலான். தமிழின் உரிமையைப் பறிக்க நான் யார்? அடுத்த பிரெஞ்சுச் செய்தி எட்டு மணிக்கு."

ரொலான் மைக் முன் உட்கார்ந்தார். பஜனைப் பாட்டில் புயலுக்குச் சொல் இல்லை. ஆனால் புயலுக்குப் பெண் பெயர் வைப்பது வானிலை இலாகாவின் வழக்கம். பெண், பெருங்கோபம், பெருங்காற்று. கோவில் தமிழில் இது யாரென்று குழந்தைகூடச் சொல்லும். "அம்மன் கடல்வழியே மாயெபூருக்கு எழுந்தருளுகிறாள்" என்று உருக்கமாக அறிவித்துவிட்டு, இடைவேளைப் பாட்டுத் தட்டை ஓடவிட்டார்.

தொலைபேசி அடித்தது. மாயெபூர் சீனாக்காரர் கடையிலிருந்து மாமனார் ரேமோன், கிரியோலில் ஆனந்தமாகக் கூவினார்.

"மாப்பிள்ளே, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்யா செய்தி புரிஞ்சுது. அம்மன் வர்றா. ஊரே கடற்கரைக்குக் கிளம்பிட்டோம். மோளம் இருக்கு, பூ இருக்கு. நதின் பிள்ளையைத் தூக்கிட்டு முன்னாலயே போயிட்டா, அம்மன் காலடியில போடணுமாம்."

"மாமா, அது அம்மன் இல்ல. சீக்லோன். நதினைத் திருப்பிக் கூப்பிடுங்க. மாமா?"

லைன் அறுந்துவிட்டது.

ரொலான் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். முஸ்யே கீ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வேலை போனால் சோற்றுக்கு என்ன வழி என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு ஊசியைத் தட்டிலிருந்து பிடுங்கி, மைக்கைக் கவ்வுவது போல் நெருங்கி, வீட்டில் பேசுகிற கிரியோலில் அலறினார்.

"சீக்லோன் பே வினி. சாமி இல்ல, காத்து. பூவைப் போட்டுட்டு ஓடுங்க. கோயில், மாதா கோயில், எது கல்லுக் கட்டடமோ அதுக்குள்ள போங்க. நதின், உன்னைத்தான் சொல்றேன், திரும்பு."

சீனாக்காரர் கடை ரேடியோ தெருக்கோடி வரை கேட்கும். மோளம் நின்றது. ஊர் ஓடியது.

மறுநாள் மாயெபூரில் கூரை தங்கிய தகர வீடு ஒன்றுகூட இல்லை. ஆள் ஒருவரும் சாகவில்லை. குழந்தை மாதா கோவில் பெஞ்சில் அயர்ந்து தூங்கியதாம். அதைக் கேட்டு ரொலான் அழுதேவிட்டார்.

நிலையமும் கடமையை மறக்கவில்லை. உடனே விசாரணை. குற்றச்சாட்டு: "இல்லாத மொழியில் பேசியது."

விசாரணை நடக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு ஒரு கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் ரேமோன்.

"இவரைத் தண்டிக்காதீங்க, முஸ்யே. இவராலதான் என் பொண்ணும் பேரப்பிள்ளையும் உயிரோட இருக்காங்க."

முஸ்யே கீ நெகிழ்ந்தார். தமிழ்ச் சமூகத்தின் நன்றியுணர்வைத் தாம் என்றுமே மதித்துவந்திருப்பதாகச் சொன்னார். மன்னித்துவிடலாம் என்றார். ரொலானுக்கு மூச்சு வந்தது.

அப்போது பின்னாலிருந்து கரும்புக் காட்டு ரோஸ்-மே முன்னே வந்தாள்.

"எனக்கும் ஒண்ணு கேக்கணும். காத்து வருதுன்னு இவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. அப்ப இவருக்குப் புரியறாப்புல பேசத் தெரியும். என் கூலி குறைஞ்ச வாரம் எங்கிட்ட வந்து என்னமோ கேட்டாரு. நானும் அரோகரான்னேன். நானே சரின்னுட்டதா முதலாளி சொல்றாரு. அன்னைக்கு நான் எதுக்குச் சரின்னேன்?"

ரேமோனும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். ரொலான் இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார்.

"தாராளமாகச் சொல்லுங்கள், ரொலான்" என்றார் முஸ்யே கீ, மிகுந்த மரியாதையோடு. "தமிழில் சொல்லுங்கள்."