கூட்டுக்குடும்ப அச்சும் தனிக்குடித்தனச் சக்கரமும்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது நான் எடுத்தே தீருவது என்று போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் விளக்கும்போது சபதம் செய்தேன். வாயில் நுரையோடு செய்த சபதம். நுரையாகவே போயிற்று.

விஷயம் இதுதான். யாரோ கோழிக்கூண்டாக வைத்திருந்த 1930 ஃபோர்டு கார் ஒன்றை மீட்டுவந்து, பழைய இரும்புக் கடைச் சாமான்களைக் கொண்டே ஹாட் ராட் என்கிற வேக வண்டி ஆக்கிக்கொண்டிருந்தேன். மட்கார்டு கிடையாது. தரையோடு தரையாகத் தாழ்ந்து உறுமும். அமெரிக்காவில், எங்கள் நெப்ராஸ்காவில் ஆம்பளைக்கு இதைவிட மரியாதையான பைத்தியம் இல்லை. இன்ஜின் ஆயிற்று, பிரேக் ஆயிற்று. பாக்கி, குலுக்கலைத் தாங்கும் முன்பக்க சஸ்பென்ஷன்.

அதில் இரண்டு வகை. ஒன்று, வளைந்த ஒற்றை இரும்பு அச்சு. இரண்டு சக்கரமும் அதிலேயே. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். கூட்டுக்குடும்பம். இன்னொன்று, சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஸ்பிரிங். ஒருவர் பாடு மற்றவருக்குத் தெரியாது. தனிக்குடித்தனம். சவாரி மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் மட்கார்டு இல்லாத வண்டியில் எல்லாம் வெளியே தெரியுமே! பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி.

என் ஓட்டு அச்சுக்கு. பக்கத்து வீட்டு கஸ்ஸிடம் என் படகு மோட்டாரைக் கொடுத்து முந்தின வாரமே ஒன்றை வாங்கி, அவன் கொட்டகையிலேயே போர்வை போட்டு மூடியும் வைத்துவிட்டேன். என் மனைவி ரோவீனாவுக்குத் தெரியாது.

ரோவீனாவைப் பற்றி ஒரு விதி உண்டு. நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு. இருபத்தெட்டு வருஷமாக ஒருநாளும் பொய்த்ததில்லை. அப்படியானால் எனக்கு வேண்டாததை நான் புகழ்ந்தால், வேண்டியதை அவளே கேட்பாள் அல்லவா? டெல்பர்ட், நீ மேதையடா என்று என்னையே தட்டிக்கொடுத்தேன்!

அன்று சாயங்காலம் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலும். ஆரம்பித்தேன்.

"ரோவீனா, முன்னாடி தனித்தனி ஸ்பிரிங்தான் போடலாம்னு பாக்கறேன்."

"ம்."

"குண்டு குழியே தெரியாது. மடியில சூப்பு வச்சாலும் சிந்தாது."

"ம்."

"ஒத்தை அச்சு இருக்கே, சீ! முதுகெலும்பை எண்ணிக் கையில குடுத்துடும்."

அவள் ரோலைப் பிட்டாள். இதோ வருகிறது மேற்கு என்று காத்திருந்தேன்.

"நீ சொல்றது சரி, டெல்பர்ட்."

என் கையிலிருந்த ரோல் குழம்பில் விழுந்தது. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்குச் சொன்ன சம்மதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சம்மதம்!

"அவசரப்படாதே. பாக்க அசிங்கமா இருக்கும்" என்றேன்.

"உன்னை இருபத்தெட்டு வருஷமா பாக்கலையா? பழகிடும்."

"கிடைக்கறது கஷ்டம்."

"தேடினா கிடைக்கும்."

"வண்டிச் சட்டத்தையே வெட்டணும்!"

"இந்த வீட்ல சட்டம் நான்தானே? அனுமதி குடுத்தாச்சு. வெட்டு."

சனிக்கிழமை நட்டு போல்ட்டு வாங்கிக்கொண்டு வந்தால், வாசலில் கஸ்ஸின் டிரெய்லர். அதில், மோதி நசுங்கிய ஏதோ ஒரு சின்னக் காரின் முன்பக்க சஸ்பென்ஷன், முழு செட்டாக. பக்கத்தில் கஸ், தன் பூட்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டு.

"இரும்புக் கடைக்காரன் சும்மா தருவானா? கஸ் கொட்டகையில ஒரு பழைய அச்சு வீணா கிடந்துது. அதைக் குடுத்து மாத்திட்டோம்" என்றாள் ரோவீனா.

"ஐயோ, அது..."

"அது என்ன?"

"அது... ரொம்ப நல்ல காரியம்."

கஸ் இருமினான். இருமல் மாதிரி இல்லை.

ஆறு வாரம் வெட்டினேன், பற்றவைத்தேன், அளந்தேன், திட்டினேன். மே மாதம் வண்டியைச் சரளைக்கல் சாலையில் இறக்கினோம். உள்ளுக்குள் ஒரு பிரார்த்தனை: குலுங்கட்டும், கடவுளே, நன்றாகக் குலுங்கட்டும்!

குலுங்கவில்லை. பாலாடை மேல் போவது போலப் போயிற்று. எட்டு மைல் தாண்டி இறங்கினேன். வழக்கமாக எட்டு மைல் போனால் என்னை இரண்டாக மடித்துத்தான் இறக்க வேண்டும். அன்று நிமிர்ந்து நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன், மனசில்லாமல். "ரோவீனா, ஒண்ணு சொல்லணும். அந்த அச்சு..."

"உன்னோடதுதான். தெரியும். கஸ் பொண்டாட்டிக்குக் கேக் குடுக்கப் போனேன். கொட்டகையில எங்கம்மா தைச்ச போர்வை! என்னடா இதுன்னு தூக்கிப் பாத்தேன்."

"எப்போ?"

"நீ சூப்பு, மடின்னு கதை விட்டியே, அதுக்கு முந்தின நாள்."

"அப்போ தெரிஞ்சேதான் சரின்னியா!"

"இடுப்பு வலின்னு முனகறது நீ. எண்ணெய் தேச்சு விடறது யாரு? என் கை வலிக்குது, டெல்பர்ட்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் கொஞ்சநேரம் பிடிக்க விட்டாள்.

ஜூலையில் ஊர் ஹாட் ராட் கூட்டம். அச்சுக்காரர்களெல்லாம் என் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆறு பேர் ஒரு சுற்று கேட்டு வரிசையில் நின்றார்கள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ரோவீனாவின் கையிலிருந்த சாவிக்குப் பெருமையோடு கை நீட்டினேன்.

"நீ இறங்கி வரிசையைப் பாத்துக்கோ. இவ்வளவு மெத்துன்னு இருக்கற வண்டியை யாராவது உன்கிட்ட குடுப்பாங்களா?" என்று ரோவீனா கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வண்டிக்குப் போட்ட சஸ்பென்ஷன் ஒன்று. டிரைவர் வேலையிலிருந்து எனக்குக் கிடைத்தது இன்னொன்று.