காய்ச்சல் ஓட்டிய நூல்

உடப்புசல்லாவைக்குக் கீழே, வெயில் தங்கும் சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அந்த வருடம் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். ஒன்று மலேரியா. மற்றது கோடாங்கி மூக்கன். மலேரியாவை யாரும் அழைக்கவில்லை. மூக்கனுக்கோ மேளம் கொட்டி வரவேற்பு.

வேலை விட்டதும் கூட்டம், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், அவன் ஒற்றையறைக் காம்பரா வாசலில் நிற்கும். ராகலையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. உடுக்கை அடிப்பான், காய்ச்சல்காரர் மணிக்கட்டில் கறுப்பு நூல் கட்டுவான். மறுநாள் காய்ச்சல் இருக்காது! சாமிக்கு ஒரு சேவல். அதைச் சாமி சார்பில் மூக்கனே சாப்பிட்டுவிடுவான். சாமிக்குச் சிரமம் கொடுக்காத பக்தன்.

கொசுவைக் கொல்ல அரசாங்க ஆட்கள் லயத்துச் சுவர்களில் வெள்ளை மருந்து அடித்துப் போயிருந்தார்கள்.

"அந்த நாத்தத்துலதான் ஆத்தாளுக்குக் கோவம். சாணி போட்டு மெழுகிடுங்க," என்றான் மூக்கன்.

லயமே மெழுகியது. கொசுக்கள் நன்றி சொல்லிப் பாடின.

கொழுந்து பறிக்கும் பூரணியின் மகள் நாகலெட்சுமிக்கு நடுக்கம் கண்டது. நூல் கட்டினான். மறுநாள் பிள்ளை எழுந்து ரொட்டி கேட்டது. அதற்கு மறுநாள் மறுபடியும் நடுக்கம்.

"பத்தியம் கெட்டுப்போச்சு. கருவாடு தின்னியா புள்ள?" என்று பூரணியைக் கேட்டான்.

"இல்லைங்க சாமி."

"ஆசப்பட்டிருப்ப."

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிள்ளை படுத்ததிலிருந்து வெறும் தேத்தண்ணியைத் தவிர எதுவும் அவள் வாயில் படவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும், கருவாட்டை நினைத்தோமோ என்று தன் மனத்தையே துழாவிப் பார்த்தாள். ஏமாற்றுகிறவனுக்கு வேறு கையாள் எதற்கு? பயந்த தாயின் மனம் போதும்.

இரண்டாவது நூல், இரண்டாவது சேவல். மறுநாள் பிள்ளைக்குச் சுகம். பூரணி நிம்மதியாகக் கொழுந்து மலைக்குப் போனாள். பக்கத்து நிரையில் அம்மாக்கண்ணு சொன்னாள்:

"எங்க மாமாவுக்கு நூலே கட்டலடி. அவருக்கும் ஒருநா விட்டு ஒருநாதான் வருது."

பூரணியின் விரல்கள் கொழுந்தின் மேல் அப்படியே நின்றன.

அடுத்த நாள் நடுக்கம் வந்தபோது அவள் மூக்கனிடம் போகவில்லை. அவன் நூல்களை அவிழ்த்தாள். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கிலிருந்து ஓர் இழையை உருவி, அடுப்புக்கரி தேய்த்து மகளின் கையில் கட்டினாள். உடுக்கை இல்லை. சேவல் இல்லை. மறுநாள் பிள்ளை ஓடியாடியது. அன்று மாலை மகளை மூக்கன் வாசல் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.

"பாத்தீங்களா, என் நூலு பேசுது!" மூக்கன் அந்தச் சின்னக் கையைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் கும்பிட்டது.

"அது என் படங்குல உருவினதுங்க," என்றாள் பூரணி. "ஒங்க நூலு ரெண்டும் இந்தா இருக்கு."

உடுக்கை நின்றது.

"எவ கட்டினாலும் ஆத்தா என் மொகத்துக்காக எறங்கியிருக்கா," என்று சமாளித்தான். "இனிமே காய்ச்சல் வராது, போ."

"நாளைக்கு வரும். எல்லாரும் வந்து பாருங்க."

சொல்லிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் தான் தோற்றுப்போக வேண்டும் என்றே வேண்டிக்கொண்டாள்.

காய்ச்சல் சொன்ன சொல் தவறவில்லை. லயமே பூரணி வாசலில் நின்று பார்த்தது.

"தானா போவுது, தானா வருது. சேவலு மட்டும் திரும்பி வரல," என்றாள் அம்மாக்கண்ணு.

பூரணி மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தாள். பின்னால் மற்றத் தாய்மாரும் நடந்தார்கள். கசப்பு மாத்திரைகளை முழுதும் விழுங்கிய பிறகு, நாகலெட்சுமிக்கு நடுக்கம் திரும்பவில்லை.

மருந்தடிக்கிறவர்கள் மறுபடி வந்தபோது எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. மூக்கனின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. லயத்தார் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவன் சுவரில் பழைய மருந்தின் வெள்ளை அப்படியே இருந்தது. ஒரு பிடி சாணிகூடப் பட்டிருக்கவில்லை.

"ஆத்தா இவரு வீட்டு நாத்தத்த மட்டும் பொறுத்துக்கிட்டாளாக்கும்!" என்றாள் அம்மாக்கண்ணு.

கொசு இரத்தம் குடிக்கிறது. ஆனால் தன்னைக் கும்பிடச் சொல்வதில்லை. அதற்கான மருந்தைச் சுவரில் அடித்தால் போதும். கும்பிடச் சொல்லிக் குடிக்கிறவனுக்கான மருந்தை அரசாங்கம் அனுப்பாது. அதை அவரவர் மண்டைக்குள் அவரவரே அடித்துக்கொள்ள வேண்டும். அடித்த பிறகு சாணி மெழுகாமலும் இருக்க வேண்டும்.