ஊரிகத்தில் குளிரே இல்லை, மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரவிகுமார் அவர்களுக்கு, கேஜிஎஃப் ஊரிகத்திலிருந்து உங்கள் மாமனார் தசரதன் எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை பார்வதம்மாவும் சுகம். நீங்களும் ஷில்பாவும் பாப்பா ரஷ்மியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொல்வதற்கெல்லாம் "அதெல்லாம் இல்ல" என்று பின்பாட்டுப் பாடுகிறாள். அதனால், தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு ஃப்ரெடி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீங்கள் மூவரும் இங்கே வரப்போவதில்லை, பெங்களூரிலேயே இருந்துவிடப் போகிறீர்கள் என்று ஷில்பா சொன்னாள். ஏன் என்றேன். "செல்வமணி அங்கிள் வாய்ஸ் மெசேஜ அம்மா அனுப்புச்சிப்பா. இந்த வருஷம் கேஜிஎஃப்ல சளி ஜாஸ்தியாம். இருபத்துமூணாந்தேதிக்கு மேல பத்து டிகிரியாம். பாப்பாவுக்கு வீசிங் இருக்கில்ல?" என்றாள். சளி என்றால் கன்னடத்தில் குளிர், உங்களுக்கே தெரியும். இது நியாயமா மாப்பிள்ளை? பெற்ற மகள் ஊரிகத்துக் குளிரைப் பற்றி அப்பனைக் கேட்காமல் அடுத்த ஆளைக் கேட்கிறாள்.

யார் இந்தச் செல்வமணி? ஃபேக்டரியில் இஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன ஆடிக்கு முன்னால்தான் நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் மாடி வீடு கட்டிக்கொண்டு வந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் பவன் வானிலை பார்க்கிற பெட்டி ஒன்றை அனுப்பியிருக்கிறான். அது மாடியில் கம்பத்தில் நிற்கிறது, அதன் தலையில் மூன்று கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு தினம் விடிந்ததும் லைன் வாட்ஸ்அப் குரூப்பில், "வணக்கம், செல்வமணி பேசுகிறேன், இன்றைய குளிர் நிலவரம்" என்று ஆரம்பித்துவிடுகிறார். உங்கள் அத்தை அதை இரண்டு தடவை கேட்கிறாள். நான் பேசுவதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

அவர் வருவதற்கு முன்னால் இந்த லைனில் குளிர், மழை என்றால் என்னிடம்தான் வருவார்கள். ஷிஃப்ட் முடிந்து, சுரங்கத்துச் சூட்டில் வேர்த்து நனைந்த உடம்போடு கேஜ் லிஃப்டில் மேலே வந்து மார்கழிக் காற்றில் நின்றவன் நான். ஏசி ஆபீசில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தெரியும்? எனக்குப் பெட்டி வேண்டாம். தங்கம் எடுத்தபின் கொட்டிவைத்த சயனைட் மண்மேடு ஒன்று போதும். அந்த மண் நம் வாசலில் வந்து விழுந்தால் வறட்டுக் காற்று, மழை கிடையாது, குளிரும் பேருக்குத்தான். இந்த வருஷம் வாசலில் கோலம் போட முடியாத அளவுக்கு மண். ஃப்ரெடியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தார்ப்பாய் வேண்டாம், ஸ்டாரைத் தைரியமாக வெளியே கட்டு என்று. மறுநாளே தூறல். வைக்கோல் ஊறிப்போய், காகித ஸ்டார் சாயமெல்லாம் வழிந்து, ஃப்ரெடியின் சம்சாரம் ஸ்வீட்டி துவைத்துப்போட்ட வெள்ளைப் புடவையில் இறங்கிவிட்டது. "இன்னா அங்கிள், மழ வராதுன்னீங்களே" என்று ஃப்ரெடி கேட்கும்போதே, செல்வமணி தார்ப்பாயோடு வந்து நிற்கிறார். கேட்டால் முன்கூட்டியே வாங்கி வைத்தாராம். பிறகுதான் தெரிந்தது, அந்த மண்ணைக் கிளப்பியது காற்று இல்லை, மேட்டின்மேல் பைக் ரேஸ் விடுகிற பையன்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

சரி, குளிர் இல்லை என்பதையாவது ஊருக்குக் காட்டலாம் என்று, விடியற்காலையில் வெறும் பனியனோடு செல்வமணி வீட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பால் வாங்க வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். அந்த மனிதர் மாடியிலிருந்து இறங்கி வந்து, தன் சால்வையை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டுப் போனார். அதைவிட அவமானம் உண்டா? அன்றிலிருந்து கொஞ்சம் இருமல். அது மண்ணால் வந்தது, குளிரால் இல்லை. "திமிரால வந்தது" என்கிறாள் உங்கள் அத்தை.

ஆகவே மாப்பிள்ளை, அந்தப் பெட்டியை நம்பாதீர்கள். இங்கே இதமான வெயில், ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறோம். பாப்பாவை அழைத்துக்கொண்டு அவசியம் வாருங்கள். நீங்கள் வராவிட்டால் அவர் ஜெயித்ததாகிவிடும். உங்கள் மூவருக்கும் குறைவில்லாத ஆயுளும் ஆரோக்கியமும் உண்டாக எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தசரதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் செல்வமணி வந்தார். "அண்ணா, என் மெசேஜால உங்க பொண்ணு வர்றது நின்னுபோச்சாமே, அக்கா சொன்னாங்க. குளிரு கொறஞ்சிடும்னு ஒரு வாய்ஸ் போட்டுடட்டுமா? பாப்பா வரட்டும்" என்றார். நான் இந்தக் கடிதம் முழுக்கக் கேட்பது அதைத்தான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. இந்தப் பாடு பாப்பாவுக்கு வந்தால் என்று நினைத்ததும் பயந்துபோய்விட்டேன். "வேணாங்க சார். பத்துன்னா பத்துன்னே சொல்லுங்க" என்றேன். அவரை நான் சார் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நீங்கள் வரவேண்டாம் மாப்பிள்ளை, இங்கே நல்ல குளிர். இருபத்துநாலாம் தேதி காலை ரயிலில் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே மழை வருமா, வெயில் அடிக்குமா என்று பாப்பாவுக்குத் தெரிய வேண்டுமானால், அவள் தாத்தாவைக் கேட்கட்டும். நான் தப்பாகச் சொன்னாலும், லீவு முடிகிறவரை யாரும் போனை எடுத்துப் பார்க்க வேண்டாம்.