வளராத கடைவாய்ப்பல்

"எந்தப் பல்லு?" என்று முற்றுப்புள்ளி கேட்டதும் காற்புள்ளி அவசரமாக இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பல்லில் ஒரு கோளாறும் இல்லை. கர்ப்பப்பையில்தான் சின்னதாக ஒரு நார்க்கட்டி. "இப்பவே கவனிச்சுக்கிட்டா ஆபரேஷன் வரைக்கும் போகாம பாத்துக்கலாம். மாத்திரையை விடாதீங்க, ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டாள்.

அச்சகத்தில் அவள் பிழை திருத்துகிறவள். எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்தி யோசிப்பதால் காற்புள்ளி. மேலதிகாரியம்மா வாய் திறந்தால் பேச்சு அதோடு சரி. அதனால் அவர் முற்றுப்புள்ளி. அவரிடம் போய்க் கர்ப்பப்பை என்று எப்படிச் சொல்வது? பல்வலி என்று விடுப்பு கேட்டுவிட்டாள்.

ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வர வேண்டும். குடித்தாயிற்று. அடக்கிக்கொண்டுதான் நிற்கிறாள்.

டைப் அடிக்கும் அக்கா உப்புத் தண்ணீரோடு வந்தாள். "கொப்பளிச்சுத் துப்பு, கேக்கும்."

"வேணாங்க்கா."

"என்ன வெக்கம்? இந்தா, இப்படி." அக்கா குழாயைத் திறந்துவிட்டு, தானே கடகடவென்று கொப்பளித்துக் காட்டினாள். காற்புள்ளிக்குக் கால்கள் பின்னிக்கொண்டன.

"பல்லு வலிச்சா கால் ஏண்டி பின்னுது?"

"வலி... அங்க வரைக்கும் இறங்குதுக்கா."

"கால் வரைக்குமா?" முற்றுப்புள்ளி கார்ச் சாவியை எடுத்தார். "வாங்க, நானே கொண்டுபோய் விடுறேன். நானும் அந்தப் பக்கந்தான்."

பேச்சு அதோடு சரி.

வேகத்தடை ஒவ்வொன்றிலும் கார் எறும்பு மாதிரி ஏறி எறும்பு மாதிரி இறங்கியது.

"மேடம், கொஞ்சம் வேகமா..."

"முடியாது."

நல்லவேளை, பல் மருத்துவமனையும் ஸ்கேன் சென்டரும் ஒரே கட்டடத்தில், கீழும் மேலுமாக இருந்தன. கெட்ட வேளை, முற்றுப்புள்ளி அவளைப் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் பல் டாக்டர்.

"ஆமா டாக்டர், மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

"கட்டி வளரலம்மா, அதே அளவுதான்" என்றார் ஸ்கேன் டாக்டர். "மாத்திரையை இப்படியே எடுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

பாத்ரூமுக்கும் போய்விட்டு வந்தபோது, உடம்பும் மனசும் ஒருசேர லேசாகியிருந்தன. சிரித்தபடியே வெளியே வந்தாள்.

எதிர் நாற்காலியில் விறைப்பாக முற்றுப்புள்ளி. தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாரா?

"பல்லு எப்படி இருக்கு?"

"வளரல மேடம்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

முற்றுப்புள்ளியின் புருவம் உயர்ந்தது. வேலை போயிற்று என்றே காற்புள்ளி முடிவு கட்டிவிட்டாள்.

கவுன்ட்டர் பெண் தலையை நீட்டினாள். "மேடம், இன்னும் ரெண்டே நிமிஷம் அடக்கிக்குங்க. அடுத்த நார்க்கட்டி நீங்கதான்."